குன்றின் மேல் நான்கு மணி

பிப்ரவரி 3

இருபது நிமிடத்தில் ஏறிவிடக்கூடிய குன்று. உயரம் இல்லாததால்தான் எனக்கு இது பிடித்திருக்கிறது. பெரிய மலையின் உச்சிக்குப் போனால் கீழே இருப்பதெல்லாம் வரைபடம்போல் தட்டையாகிவிடும். இங்கிருந்து மரம் மரமாகவே தெரிகிறது. அதற்கப்பால் மூன்று மலை வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகிப்போவதும் தெரிகிறது.

நீர்வண்ணத்தில் மூன்றையும் தீட்டினேன். சரியாக வரவில்லை. மூன்றுக்கும் ஒரே பச்சை. கண் பார்ப்பதற்கு முன்பே கை பச்சையில் தூரிகையைத் தோய்த்துவிட்டது.

பிப்ரவரி 5

வண்ணப்பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசி மலையில் பச்சை துளியும் இல்லை. வெளிறிய நீலம், விளிம்பு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வதே கடினம். தொலைவு கூடக்கூட நீலமும் கூடுகிறது என்று லியொனார்டோ டா வின்சி 500 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். இடையிலுள்ள காற்று, ஒளியின் நீலப் பகுதியைச் சிவப்பைவிட அதிகமாகச் சிதறடிக்கிறது. அந்த நீலம்தான் மலையின்மேல் திரையாக விழுகிறது. இத்தனை காலம் மலையை மட்டும் தீட்டியிருக்கிறேன். நடுவில் கிடக்கும் அவ்வளவு காற்றுக்கும் என் தாளில் இடமே தரவில்லை.

பிப்ரவரி 6

மழை. போகவில்லை.

பிப்ரவரி 8

இரண்டே டியூப்: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. கடைசி மலைக்குப் பெரும்பாலும் தண்ணீர்தான், நீலம் பேருக்கு. காய்ந்த பிறகு அடுத்த வரிசைக்கு நீலத்தைக் கூட்டி, சியன்னா ஒரு துளி. அருகிலிருக்கும் சரிவுக்கு இரண்டையும் கெட்டியாகக் கலந்தேன். அல்ட்ராமரைனின் துகள்கள் தாளின் குழிகளில் படிந்து தாமாகவே பாறையின் சொரசொரப்பைக் கொடுத்தன. என்னால் அப்படி வரைந்திருக்க முடியாது. இதில் பச்சையே இல்லை. ஆனாலும் முதன்முறையாகத் தொலைவு தெரிகிறது.

நிழலில்தான் தவறிவிட்டேன். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. முதல் வரிசை காய்வதற்குள் பாறையின் நிழல் என் செருப்பைத் தொட்டுவிட்டது. நானும் நிழலைத் துரத்திக்கொண்டே திருத்தினேன். படத்தில் இப்போது இரண்டு நேரத்து வெயில் அடிக்கிறது. உட்கார்ந்தவுடன் நிழலைப் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு அதை மறந்துவிட வேண்டும்.

பிப்ரவரி 9

பிரெஞ்சு ஓவியர் செசான் 1906-இல் தன் மகனுக்கு எழுதிய கடிதம் காலையிலிருந்து மனத்தில் ஓடுகிறது. ஆற்றங்கரையில் இடம் மாறாமல், சற்று வலப்புறமும் சற்று இடப்புறமும் திரும்பியே மாதக்கணக்கில் வரைய முடியும் என்கிறார். இன்று அதே பாறையில் உட்கார்ந்து கொஞ்சம் இடப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே மலை வரிசைகள் மூன்று அல்ல, நான்கு. நான்காவதை இதுவரை வானம் என்றே நினைத்திருந்தேன்.