கெயினைக் குறைத்த பிறகுதான் பேஸ் கேட்டது

காரில் சப்வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிகளான பேஸுக்கென்றே இருக்கும் பெரிய ஸ்பீக்கர், மாட்டிய முதல் வாரம் டிக்கி கதவு அதிர்ந்ததுதான் மிச்சம். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே ‘தொம் தொம்’. பேஸ் கிட்டார் எந்தச் சுரத்தில் போகிறது என்று பிடிபடவே இல்லை. சிக்னலைப் பெருக்கி அதற்கு அனுப்பும் ஆம்ப்பில் கெயின் திருகு முக்கால்வாசி, பேஸைத் தூக்கிவிடும் பேஸ் பூஸ்ட் முழுசாக இருந்தது. ஒருநாள் சப்வூஃபருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகுகிற வாடை லேசாக வந்ததும் பயந்துபோய் எல்லாவற்றையும் பூஜ்யத்துக்குத் திருப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கெயின் என்றால் சத்தம் கூட்டுவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஹெட் யூனிட்டிலிருந்து (டேஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ) எத்தனை வோல்ட் சிக்னல் வருகிறதோ, அதற்கு ஆம்ப்பை இசைய வைப்பதுதான் அதன் வேலை. அளவு மீறினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். கிளிப்பிங் என்பது இதுதான். காயில் சூடேறுவதும் இதனால்தான்.

என் ஆம்ப் 4 ஓமில் 300 வாட். இரண்டையும் பெருக்கினால் 1200. அதன் வர்க்கமூலம் 34.6. அவ்வளவு வோல்ட்தான் வெளியே வர வேண்டும். சப்வூஃபர் வயரைக் கழற்றினேன். ஈக்வலைசரைச் சமமாக்கி, பேஸைத் தானாகக் கூட்டும் லவுட்னெஸை அணைத்து, வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்தி, 50 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டேன். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துக் கெயினை மெல்லத் திருகினால், கால்வாசி தாண்டுவதற்குள் 34 வந்துவிட்டது! நம்பாமல் மறுபடியும் அளந்தேன். அதேதான்.

பேஸ் பூஸ்ட்டை இனித் தொடுவதாக இல்லை. 6 டெசிபெல் கூட்டினால் அந்த இடத்தில் ஆம்ப் நான்கு மடங்கு பவர் தர வேண்டும். அதற்கு எங்கே போகும்? சப்வூஃபருக்குத் தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் லோ பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸ், கதவு ஸ்பீக்கர்களுக்கு அதற்கு மேலுள்ளதை மட்டும் விடும் ஹை பாஸும் அதே 80.

இத்தனை செய்தும் கிக் டிரம் மட்டும் டிக்கிக்குள்ளிருந்து தனியாகக் கேட்டது. மூன்று நாள் மண்டையைக் குடைந்த விஷயம் இது. ஃபில்டரை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், பெட்டியைத் திருப்பி வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மிஞ்சியிருந்தது சப்வூஃபரின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் ஸ்விட்ச். தம்பி பின்னால் நின்று அதை 0, 180 டிகிரி என்று மாற்றி மாற்றிப் போட, நான் ஓட்டுநர் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். 180-இல் அடி சட்டென்று டேஷ்போர்டுக்கு வந்துவிட்டது. அதுவரை கதவு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் 80 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றின் ஒலியை மற்றொன்று அழித்துக்கொண்டிருந்திருக்கின்றன. டிக்கி பக்கம் நின்று கேட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

“அண்ணா, மறுபடி மாத்தவா?” என்றான். வேண்டாம் என்றேன். பேஸ் கிட்டாரில் விரல் வழுக்கி இறங்குவது அப்போதுதான் முதல்முறையாகக் காதில் விழுந்துகொண்டிருந்தது.