படிவத்தில் இல்லாத ஒரு சொல்

ஈப்போவில் ஓர் ஆய்வகத்தில் திசு வெட்டுவது என் வேலை. மெழுகில் பதித்த தோல் துண்டை 4 மைக்ரான் தடிமனில் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்துவேன். சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று லென்ஸில் ஒருமுறை பார்ப்பேன். முடிவு சொல்வது டாக்டர்.

அன்று வந்த படிவத்தில் ‘முதுகில் கட்டி, ஆண், வயது 14’. அவ்வளவுதான். லென்ஸில் மெல்லிய, நெளிந்த செல்கள், நூல்கண்டு பிரிந்து கிடப்பது போல. கருநிறம் துளியும் இல்லை. நடுநடுவே தோசையை அடுக்கியது போன்ற சிறு உருண்டைகள். விரல் நுனியில் தொடு உணர்வுக்கு இருப்பவை மாதிரியே. நரம்புக் கட்டி என்றே நினைத்தேன். அப்புறம் இரண்டாவது துண்டை வைத்தால், மேல்தோலுக்குக் கீழே நிறமி நிறைந்த மச்சச் செல்கள் கூடுகூடாக! பிளாக், அதாவது திசு பதித்த மெழுகுக் கட்டி, மாறிவிட்டதோ என்று வயிற்றைக் கலக்கியது. எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன். மாறவில்லை.

டாக்டர் ஃபோன் போட்டு விசாரித்தார். பையனுக்கு முதுகு முழுக்கப் பிறவி மச்சமாம். அதன்மேல் தொளதொளவென்று வளர்ந்த மடிப்பைத்தான் வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். நிறமிச் செல்லுக்கும் நரம்பைப் போர்த்தும் ஷ்வான் செல்லுக்கும் கருவில் பூர்வீகம் ஒன்றே, நரம்பு முகடு என்ற செல் கூட்டம். பெரிய பிறவி மச்சங்களில், ஆழத்தில் இருக்கும் செல்கள் நிறத்தை விட்டுவிட்டு அந்தப் பங்காளியின் சாயலுக்குப் போய்விடுவதுண்டு. அது மட்டுமே புற்றுநோய் ஆகிவிடாது. செல் வகையை அடையாளம் காணப் போடும் எஸ்-100 சாயம் இரண்டு வகையிலும் பிடிக்கும் என்பதால் அதை மட்டும் நம்பவும் முடியாது. ஆழத்துத் துண்டு மட்டும் வந்திருந்தால்? ‘மச்சம்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் வீடு சுங்கை சிப்புட்டில். சில வாரம் கழித்து, செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா ரிப்போர்ட்டோடு வந்தார்.

"நரம்புன்னு போட்டிருக்காம் தம்பி. மகனுக்குக் கை கால் விளங்காமப் போயிடுமா?"

எண்ணைப் பார்த்தேன். அதே பிளாக். இதனால் அப்படி ஆகாது என்றேன். ஆனால் இவ்வளவு பெரிய மச்சத்தில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு சாதாரண மச்சத்தைவிடக் கூடுதல்; புதிதாகக் கெட்டி முடிச்சோ புண்ணோ தெரிந்தால் உடனே காட்டுங்கள், கிளினிக் தேதியை விடாதீர்கள் என்றும் சொன்னேன்.

அவர் எழவில்லை. "வயித்துல இருந்தப்ப கிரகணத்தன்னிக்கு முதுகைச் சொறிஞ்சுட்டேன்."

14 வருடமாக இதைச் சுமந்திருக்கிறார். கருவில் ஏதோ ஒரு செல்லில் தற்செயலாக நேர்ந்த மரபணு மாற்றம், பெரும்பாலும் என்ராஸ் என்ற மரபணுவில். நீங்கள் செய்த எதனாலும் அல்ல என்றேன்.

தலையாட்டினார். "சரி தம்பி. இருந்தாலும் மக இப்ப ஆறு மாசம் முழுகாம இருக்கா. கிரகணம் வந்தா வெளிய விட மாட்டேன்."