‘குடம்ல தண்ணி கீது’

மூன்று வயதுக் குழந்தை இப்படிச் சொன்னால் வீட்டில் இரண்டு திருத்தம் கிளம்பும். ‘குடம்ல இல்ல, குடத்துல’ என்பார் ஆயா. ‘கீதுன்னு சொல்லாதே, இருக்குன்னு சொல்லு’ என்பார் அம்மா.

‘குடம்ல’ பிழைதான், ஆனால் அருமையான பிழை. பெரியவர்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘கைல’, ‘பஸ்ல’ என்று கேட்டுக் கேட்டு, ‘ல’ சேர்த்தால் இடம் என்ற விதியைக் குழந்தையே பிடித்து, குடத்திலும் ஒட்டிப் பார்க்கிறது. ‘ஆமா கண்ணு, குடத்துல தண்ணி கீது, ரொம்பி வழியுது பாரு’ என்று சரியானதைப் பதிலுக்குள் வைத்துச் சொன்னால் போதும். ‘எங்கே, திருப்பிச் சொல்லு’ வேண்டாம்.

சென்னைப் பேச்சின் ‘கீது’ பிழையே இல்லை. கீறேன், கீறே, கீறாங்க, கீது என்று ஒழுங்காக விகுதி மாறும் வினை அது. பள்ளித் தமிழ் பள்ளியில் வரும். இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப்போகிறோம் என்று பேச்சையே சுருக்கிக்கொள்வதுதான் மனதை உறுத்துகிறது. காசிமேட்டில் மீன் வாங்கிவந்த அம்மா ‘சங்கரா பாரு, செவப்பா கீது, செதிலு எடுக்கலாமா, கை வெக்காத, முள்ளு குத்தும்’ என்று பேசிக்கொண்டே போவார். அதையே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமென்றால் ‘ஃபிஷ்’ என்பதோடு நின்றுவிடுகிறார்.

காது வெகு சீக்கிரம் வீட்டு மொழிக்குப் பழகிவிடும். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் கேட்டு வளர்ந்த 6–8 மாதக் குழந்தைகள் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்தறிந்தன. 10–12 மாதத்தில் பெரும்பாலானவற்றுக்கு அது முடியவில்லை.

குழந்தையிடம் கேள்வி கேட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். அக்கா முந்திக்கொண்டு பதில் சொல்லும் வீடுகளில் சின்னதுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. தெலுங்கோ உருதுவோ கலந்து பேசும் வீடென்றால், குழந்தைக்கு எத்தனை சொல் வந்திருக்கிறது என்று பார்க்கும்போது எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள்.

நாக்கில் வசம்பு தேய்ப்பதால் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து. பேச்சு தாமதமோ என்று சந்தேகம் வந்தால் முதலில் காதைப் பாருங்கள். கேட்காத குழந்தையும் முதல் மாதங்களில் ‘ங்கா’ சொல்லும், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பதும் போதாது. கேட்காத குழந்தை நிழலுக்கும் காற்றுக்கும்கூடத் திரும்பிப் பார்க்கும். காது கேட்கிறதா என்று கருவியால் பார்க்கும் ஓஏஈ (OAE) பரிசோதனை சில நிமிட வேலை, தூங்கும்போதே செய்யலாம். ஒரு வயதில் விரல் நீட்டிக் காட்டாவிட்டாலும், இரண்டு வயதில் ‘அம்மா வா’ போல இரண்டு சொல் சேராவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். வந்த சொற்கள் மறைந்தால், எந்த வயதானாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.