1இ500 ரூபா

2025 ஒக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10க்கு வழக்கமாக வரும் அப்டேட் இன்றோடு முடிகிறது. என் லப்டொப் 2015இல் வாங்கியது. ஐ3, 4 ஜிபி ரம். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இதில் இல்லை, ப்ரொசஸரும் அதன் பட்டியலில் இல்லை. பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக்கூடத் திறக்காமல் "புதுசு எடுங்கோ அக்கா" என்றார்கள். எடுக்கலாம்தான், விலையைக் கேட்கும்வரை.

ரியூசன் சேர்மாருக்கு வினாத்தாள் ரைப் செய்து கொடுப்பது என் பிழைப்பு. பக்கக் கணக்கில் காசு. கீபோர்டில் ஏ என்ற எழுத்து எப்போதோ தேய்ந்து மறைந்துவிட்டது. என் விரலுக்கு அது எப்போதும் 'ய'தான் என்பதால் கவலைப்படவில்லை.

இரவு தம்பியின் மகனுக்குப் போன் எடுத்தேன். மொறட்டுவையில் எஞ்சினியரிங் படிக்கிறான். "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுவம் மாமி, காசில்லை" என்றான். காசில்லை என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒக்டோபர் 18, சனி

மருமகன் வெள்ளவத்தைக்கு வந்தான், லிஃப்ட் வேலை செய்யாததால் மூன்று மாடி ஏறி. கையில் ஒரு பென்டிரைவ். அதற்குள் லினக்ஸ் மின்ட் 22.2. மின்டிலேயே மூன்று வகை இருக்கிறதாம், பழைய மெஷினுக்கு இலகுவானது என்று எக்ஸ்எஃப்சிஈயைக் கொண்டுவந்திருந்தான்.

எனக்குப் பிடித்த விசயம், இன்ஸ்டோல் செய்யாமலே பார்க்கலாம் என்பது. மெஷினை எழுப்பும்போது எஃப்12ஐத் தட்டி பென்டிரைவைத் தேர்ந்தால், உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமல் முழு மின்டும் திரையில் வந்து நிற்கிறது. புடவைக் கடையில் தோளில் போட்டுப் பார்ப்பது மாதிரி. ஒரு மணித்தியாலம் கிண்டிப் பார்த்தேன். சத்தம் வருகிறது, பிரிண்டரைத் தானாகவே கண்டுபிடித்தது. வைஃபை மட்டும் இல்லை.

"தீபாவளிக்குப் பிறகு போடுவம்" என்று சொல்லிப் புட்டு சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

அவனுக்குப் பரீட்சையாம், வரவில்லை. நானே போட்டேன்.

முதலில் எல்லாக் கோப்பையும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன். இரண்டாயிரத்துச் சொச்சம் வினாத்தாள். பிறகு அந்தக் கேள்வி வந்தது: டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டுப் போடவா, விண்டோஸுக்குப் பக்கத்திலேயே போடவா? அழித்துவிட்டு என்பதைத் தேர்ந்து, பொத்தானுக்கு மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு ஒரு பிளேன்ரீ குடித்து முடித்தேன். பிறகுதான் அழுத்தினேன். உலக வரைபடத்தில் நேர வலயம் கேட்டது, கொழும்பில் ஒரு குத்து. அரை மணித்தியாலத்தில் முடிந்தது. இதற்கா இவ்வளவு பயம்?

வைஃபை இன்னும் இல்லை. வைஃபை சிப்பை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் தனியாக வேண்டுமாம். அதை எடுக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். மருமகன் போனில் வழி சொன்னான்: கைபேசியை யூஎஸ்பி வயரில் இணைத்து, அதன் இணையத்தை லப்டொப்புக்குக் கொடுக்கும் டெதரிங்கைப் போடு, பிறகு டிரைவர் மனேஜரைத் திற. அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. தெரிவு செய்து, ரீஸ்டார்ட். வந்துவிட்டது.

ஒக்டோபர் 23, வியாழன்

கந்தசஷ்டி இரண்டாம் நாள். விரத வயிற்றோடு டெர்மினல், அதாவது கட்டளையை ரைப் செய்து வேலை வாங்கும் ஜன்னல், பழகக் கூடாது என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

தமிழ் ரைப் செய்ய ஒரு மென்பொருள் பொதி போட வேண்டும். மருமகன் எழுத்தெழுத்தாகச் சொல்ல நான் தட்டினேன்: சுடோ, ஆப்ட், இன்ஸ்டோல், ஐபஸ்-எம்17என். "பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஒண்டும் தெரியாது மாமி, பயப்படாதைங்கோ" என்றான். எனக்கு நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரிந்தது. மின்டில் அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம், அவன் பாவிப்பது வேறொரு லினக்ஸ். அவனுக்கும் தெரியாத ஒன்று இருப்பதில் எனக்குச் சின்ன மகிழ்ச்சி.

அப்புறம் திரை நின்றுவிட்டது. பூட்டுக்காகக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி, பக்கத்தில் விநாடிகள் ஏறிக்கொண்டே போகின்றன. பார்த்தால், பின்னால் அப்டேட் மனேஜரை நானே ஓடவிட்டிருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பொதிகளில் கை வைக்கலாம், அதற்குத்தான் பூட்டு. ஐந்து பேருக்கு ஒரு குளியலறை உள்ள வீட்டில் வளர்ந்தவளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உள்ளே இருந்தவர் வெளியே வந்ததும் என் கட்டளை தானாக நடந்தது.

ஒக்டோபர் 25, சனி

பழைய கோப்புகளைத் திறந்தேன். முதல் தாளின் தலைப்பில் 'கொழும்பு' இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் என், எஃப், எச், பெரிய ஓ, கே, ஒரு அரைப்புள்ளி, பெரிய ஜி. எல்லாப் பக்கமும் இப்படித்தான். விரதக் களைப்பு என்று கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்தான் பழுதாகிவிட்டதோ என்று அடுத்து நினைத்தேன்.

பிறகு இரண்டு கையும் தானாக மேசையில் அசைந்தன. என், எஃப், எச். கொம்பு, க, அரவு. இது நான் அடித்த அதே விசைகள்.

இத்தனை வருடம் நான் பாமினியில் ரைப் செய்தது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளை அடித்தேன், பாமினி என்ற எழுத்துரு அவற்றுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டியது. புது மெஷினில் அந்த எழுத்துரு இல்லை, சட்டை கழன்றுவிட்டது. லினக்ஸைத் திட்ட வாய் திறந்தவள் மூடிக்கொண்டேன்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

பழைய டிஸ்கில் பாமினியின் கோப்பு கிடைத்தது. ஹோம் ஃபோல்டரில் கண்ட்ரோல்-எச் அடித்தால், புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் தெரிகின்றன. புள்ளி-லோகல், அதற்குள் ஷெயார், அதற்குள் ஃபொன்ட்ஸ் என்று ஒன்று செய்து, அதில் போட்டேன். லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்ததும் தமிழ் வந்துவிட்டது. அட்டவணைகள் கொஞ்சம் கீழிறங்கியிருந்தன, வேறு குறையில்லை.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தெரிந்த பிறகு மனம் கேட்கவில்லை.

ஒக்டோபர் 28, செவ்வாய்

நேற்று சூரன்போர், இன்று பாரணை, இனி மூளை வேலை செய்யும்.

அன்று போட்ட ஐபஸின் தமிழ் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 இருக்கிறது, ஃபொனெடிக் இருக்கிறது, இன்ஸ்கிரிப்ட் இருக்கிறது. எல்லோரும் தமிழ்99 நல்லது என்கிறார்கள். இருக்கலாம், ஆனால் அதற்கு என் விரல்களை வெட்டி ஒட்ட வேண்டும். கீழே ரங்கநாதன் என்று ஒன்று. எஸ்எல்எஸ் 1326 என்று இலங்கை நியமமாக வைத்திருப்பதே அதுதானாம். லொக் அவுட் செய்து வந்து இடது கையை வைத்தேன்: ய ள ன க ப. தட்டச்சு வகுப்பில் முதல் வாரம் முழுக்க அடித்த அதே வரிசை! ஓரத்து விசைகள் சில இடம் மாறியிருக்கின்றன, அவற்றில்தான் தடுமாறுகிறேன். ஆனால் இப்போது விழுவது உண்மையான தமிழ் எழுத்து. ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோட்.

மருமகன் ஒரு தகவல் சொன்னான். லினக்ஸை எழுதுகிறேன் என்று டோர்வல்ட்ஸ் அறிவித்தது 1991 ஓகஸ்ட். தமிழ் யூனிகோடுக்குள் இடம் பெற்றதும் அதே 1991. நான் பாமினி படித்தது அதற்கெல்லாம் பல வருடம் பிந்தி.

நவம்பர் 1, சனி

ஒரு கணிதத் தாளை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கினேன். தமிழ் அழகாக வந்தது. ஆனால் சென்ரிமீற்றரைக் குறிக்கும் சீ-எம் 'உஅ' ஆகியிருந்தது. கிலோகிராமுக்கு வரும் கே-ஜி 'மப'. ஆயிரத்து ஐந்நூறு ரூபா '1இ500 ரூபா'.

காரணம் பிடிபட்டதும் சிரிப்பு அடங்கவில்லை. பாமினியில் கால்புள்ளி விசைதான் 'இ'. அலகுகளையும் இலக்கங்களையும் நான் வேறு எழுத்துருவுக்கு மாறி ஆங்கிலத்தில் அடித்திருக்கிறேன். மாற்றிக்கு எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருந்தது என்று தெரியாது, எல்லாவற்றுக்கும் தமிழ்ச் சட்டை மாட்டிவிட்டது.

மருமகன், டொக்எக்ஸ் கோப்பு என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு ஸிப் பொதி என்றான். அதற்குள் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருவின் பெயர் எழுதியிருக்கும். பாமினி என்று போட்டதை மட்டும் மாற்றச் சொல்லிப் பைதன் என்ற நிரல் மொழியில் எழுதித் தருகிறானாம், பரீட்சை முடியட்டும். அதுவரை இந்த ஒரு தாளைக் கையால் திருத்துகிறேன்.

நவம்பர் 5, புதன்

போயா. கணித சேர் தாளை வாங்க வந்தார். "பாமினியிலேயே தாங்கோ, என்ட கொம்பியூட்டரில அதுதான் கிடக்கு." யூனிகோட் என்று நான் தொடங்கியதும் முகம் சுருங்கியது. வாதாடாமல் அவருடைய போனுக்கே கோப்பை அனுப்பினேன். திறந்தார். எந்த எழுத்துருவும் போடாமல் தமிழ் தமிழாகவே வந்தது.

"அட, பஸ்ஸிலேயே பார்க்கலாமே" என்று விரலால் தள்ளித் தள்ளி வாசித்துக்கொண்டு போனார். ஏழாம் கேள்வியில் விரல் நின்றது.

"தங்கச்சி, இதென்ன 1இ500?"