வயிறு உள்ள விலங்கு

பெரும் விலங்குகளை வேட்டையாடும் மான்ஸ்டர் ஹண்டர் என்ற வீடியோ ஆட்ட வரிசையின் கிளை ஆட்டங்களில் வரும் விலங்குகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். கேப்காம் நிறுவனம் 2007ஆம் ஆண்டு ஜப்பானில் தொடங்கி 2019 டிசம்பரில் மூடிய ‘ஃபிரான்டியர்’ என்ற இணைய ஆட்டம் நம் நாட்டில் வெளிவரவே இல்லை. அதன் வேட்டைகளைக் காணொளிகளில்தான் பார்த்திருக்கிறேன். அவற்றுள் டிசுஃபிரோவா என்றொரு பறக்கும் விலங்கு உண்டு. ஒரே உடலில் நெருப்பையும் பனியையும் ஏந்தி, கொம்புகள் ஒளிர, திரை முழுவதையும் செந்நிறத்தாலும் நீலத்தாலும் நிறைக்கும். முதல் சில நிமிடங்கள் வியந்து பார்த்தேன். பிறகு, இது எங்கே உறங்கும், எதைத் தின்னும் என்று எண்ணிப் பார்த்தேன். அந்த உடலில் அதற்கு விடை எதுவும் கிடைக்கவில்லை. அச்சமும் அப்போதே போய்விட்டது.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரமாக என் மாமாவுக்கு ராகிக் கொல்லை இருக்கிறது. கதிர் முற்றும் பருவத்தில் யானைகள் இறங்கும் என்பதால் அவர் பரணில் காவலிருப்பார். பள்ளி நாளில் ஓரிரவு நானும் உடனிருந்தேன். யானையை நான் பார்க்கவே இல்லை. தட்டுகள் வேரோடு பிடுங்கப்படும் ஓசையும், மண்ணை உதறக் காலில் அடித்துக்கொள்ளும் ஓசையும், அதன்பின் நிதானமாக மெல்லும் ஓசையும் இருளில் கேட்டன. “பசிக்கு வந்திருக்குது கண்ணு, சத்தம் போடாத” என்று மாமா மெல்லச் சொன்னார். நாளொன்றுக்கு 150 கிலோ வரை தின்னக்கூடிய ஓர் உடல் பத்தடி தொலைவில் மென்றுகொண்டிருக்கிறது என்ற எண்ணம் தந்த நடுக்கத்தை, ஒளியை வாரி இறைக்கும் எந்த விலங்கும் எனக்குத் தந்ததில்லை.

மூல வரிசையில் 2009ஆம் ஆண்டு வந்த டெவில்ஜோ அந்த இரவுக்கு மிக அருகில் வருகிறது. தீராப் பசிதான் அதன் இயல்பு. அகன்ற தாடையும், வாயிலிருந்து ஓயாமல் வடியும் எச்சிலும், மற்ற வேட்டைகளின் நடுவே அழையாமல் நுழையும் வழக்கமும் அந்த ஒரு பசியிலிருந்தே பிறக்கின்றன. அதுவும் மிகையான விலங்குதான். ஆனால் அந்த மிகைக்கு ஒரு வயிறு இருக்கிறது.

ஃபிரான்டியரின் கலைஞர்களுக்குத் திறமை குறைவு என்று நான் கருதவில்லை. ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஓடிய ஆட்டம் அது. அதே ஆட்டக்காரர்கள் ஆண்டுதோறும் கூர்மையான ஆயுதங்களோடும் பழகிய கைகளோடும் திரும்பி வந்துகொண்டிருக்க, ஒவ்வொரு புதிய விலங்கும் முந்தையதை மிஞ்சியாக வேண்டியிருந்தது. வழக்கமாக 4 பேர் சேரும் வேட்டையை 32 பேருக்கு விரித்து, ராவியென்டே என்ற மாபெரும் பாம்பை அதன் நடுவே நிறுத்தினார்கள். பிற்காலத்தில், பழைய விலங்குகளிலேயே ஓர் உறுப்பு மட்டும் அளவு மீறி வளர்ந்த இனங்களைப் படைத்தார்கள். மிஞ்சுவதே வேலையாகிவிட்டால், விலங்கின் வாழ்க்கையைப் பற்றி எண்ண நேரம் எங்கே இருக்கும்?

மிகையை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு, தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் காணும் புலிக்குத்திக் கற்களையே நான் சான்றாகக் கொள்வேன். புலியோடு பொருது மாண்ட வீரனுக்கு நட்ட நடுகற்கள் அவை. சிற்பி புலியைப் பின்னங்கால்களில் நிமிர்த்தி, வீரனின் முகத்துக்கு நேராக நிறுத்துகிறான். எந்தப் புலியும் அவ்வாறு மனிதனைப் போல நின்று சண்டையிடுவதில்லை. எனினும் அதன் வாலும் நகமும் பிளந்த வாயும் புலிக்கு உரியவையாகவே இருப்பதால், உயர்த்திய அந்த ஒரு செயலை நாம் நம்பிவிடுகிறோம்.

ஃபிரான்டியரிலும் அத்தகைய படைப்புகள் உள்ளன. பருராகரு என்ற நீர்வாழ் விலங்கு நீண்ட நாக்கால் இரையின் உடல்நீரை உறிஞ்சும். உறிஞ்சியதற்கு ஏற்ப அதன் நிறம் மாறும். அந்த நிற மாற்றம் எத்தனை பகட்டாக இருந்தாலும், அது உண்ட உணவின் அடையாளம் என்பதால் எனக்கு உறுத்தவில்லை.

எல்லாவற்றிலும் நான் நேசிப்பது எஸ்பினாஸை. உடல் முழுதும் முள், நஞ்சும் முடக்கமும் தரும் நெருப்பு என்று பட்டியலிட்டால் அதுவும் அளவு கடந்ததாகவே தோன்றும். அது 2022ஆம் ஆண்டு ‘சன்பிரேக்’ என்ற விரிவாக்கத்தின் வழியாக மூல வரிசைக்குள் வந்தபோதுதான் முதன்முறையாக நேரில் எதிர்கொண்டேன். உறங்கிக்கொண்டிருந்த அதன் மீது என் வாளை முழு வலுவோடு இறக்கினேன். அது சீறவில்லை, என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை; தன் தோலின் தடிப்பை முழுவதும் நம்பும் விலங்காக அப்படியே இருந்தது. இரண்டாவது வெட்டுக்கு ஓங்கிய கையைத் தாழ்த்திவிட்டு, அதன் மூச்சில் விலா ஏறி இறங்குவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.