முங்கும் முன்னால் புஸ் புஸ்ஸென்று மூச்சிழுக்காதீர்கள்

குளத்துப் படிக்கட்டில் நாலு பையன்கள் நின்று, யார் அதிக நேரம் முங்கிக் கிடப்பது என்று பந்தயம் வைத்தால், குதிக்கும் முன் ஒருவனாவது புஸ் புஸ்ஸென்று பத்துப் பதினைந்து தடவை வேகமாக மூச்சிழுத்து விடுவான். காற்றைச் சேர்த்து வைக்கிறோம் என்பது அவன் கணக்கு. ஆளைக் கொல்லக்கூடிய தப்புக் கணக்கு அது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தமனி ரத்தத்தின் ஹீமோகுளோபினில் 97, 98 சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கும். கொரோனா நாட்களில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அந்த எண்தான். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றி என்ன பயன்? வேக மூச்சால் நிஜமாக மாறுவது கரியமில வாயு. ரத்தத்தில் அதன் அழுத்தம் சாதாரணமாக 40 மி.மீ. பாதரசம். புஸ் புஸ்ஸென்று ஊதித் தள்ளினால் பாதிக்குக்கூட இறங்கிவிடும்.

மூச்சு முட்டுகிற உணர்வைக் கிளப்புவதே இந்தக் கரியமில வாயுதான். மூளைத்தண்டின் அடியில், தண்டுவடத்தோடு சேரும் இடத்தில் இருக்கிறது முகுளம். ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தில் அமிலத்தன்மை கூடும். முகுளத்தின் உணரிகள் அதைப் பிடித்து, 'இழு, இழு' என்று உத்தரவு போடும். மூச்சை ஆட்டிவைப்பது கரியமில வாயுதான் என்று ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு விஞ்ஞானிகள் 1905-லேயே காட்டிவிட்டார்கள். ஆக்சிஜன் குறைவதைக் கவனிக்கவும் ஆள் உண்டு: கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி மணி அளவில். ஆனால் அது சோம்பேறிக் காவல்காரன். ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ.யிலிருந்து 60 பக்கம் இறங்கும்வரை பெரிதாகக் குரல் கொடுக்காது.

முகுளத்தின் உத்தரவு தண்டுவடம் வழியாகக் கழுத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகளுக்கு வந்து, அங்கிருந்து நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குப் போகிறது. அது சுருங்கிக் கீழிறங்கினால் நெஞ்சுக்கூடு விரிந்து, ஒரு தடவைக்குச் சுமார் 500 மி.லி. காற்று உள்ளே வரும். பனையிலிருந்து விழுந்தவரையும், ஆழமில்லாத குளத்தில் தலைகீழாகப் பாய்ந்தவரையும் கழுத்தை அசைக்காமல் தூக்கச் சொல்வது இதனால்தான். 3-ஆம் நரம்புக்கு மேலே தண்டுவடம் அறுந்தால் மூச்சே நின்றுவிடும்.

முங்கியவன் கதைக்கு வருவோம். உடம்பின் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. தண்ணீருக்கடியில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே போகும். கரியமில வாயுவையோ முன்கூட்டியே ஊதித் தள்ளியாயிற்று. அது அபாய மணி அடிக்கும் அளவுக்கு ஏறுவதற்குள் நினைவு தப்பிவிடும். தவிப்பில்லை, கை காலை அடிப்பதில்லை. கரையில் நிற்பவனுக்கு, 'இன்னும் முங்கிக் கிடக்கான்' என்றுதான் தோன்றும். வேகமாக மூச்சிழுக்கையில் உதட்டோரமும் விரல் நுனியும் மரத்து, தலை கிறுகிறுப்பதைத் தெம்பு என்று நினைக்க வேண்டாம். கரியமில வாயு அளவுக்கு மீறி இறங்கிவிட்டது, மூளைக்கான ரத்தக்குழாய்களும் சுருங்குகின்றன என்று பொருள்.

கடலில் சிப்பி எடுக்க முங்குகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி. 10 மீட்டர் ஆழத்தில், அதாவது கடல்காரர் கணக்கில் ஐந்தரைப் பாகத்தில், அழுத்தம் இரண்டு மடங்கு. நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனின் அழுத்தமும் அங்கே இரட்டிப்பாக இருப்பதால் மூளைக்குப் போதும். மேலே ஏற ஏற அது பாதியாகும். நினைவு தப்புவது அடியில் அல்ல, பெரும்பாலும் கடைசிச் சில மீட்டரில்.

தூக்கிக் கரையில் போட்டதும் காலைப் பிடித்துத் தொங்கவிடுவதும், தலைக்கு மேல் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் வேண்டாம். வயிற்றில் உள்ளது வாய்க்கு வந்து நுரையீரலுக்குள் இறங்கும். மல்லாக்கக் கிடத்துங்கள். மூச்சில்லையென்றால் தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 தடவை ஊதுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நொடி, நெஞ்சு உயரும் அளவுக்கு. அசைவில்லையென்றால் நெஞ்சு நடுவில் 30 அமுக்கு, 2 ஊதல். பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. அதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் திணறடிக்கும்.

முங்குவதானால் சாதாரண மூச்சு, கடைசியில் ஒரே ஒரு ஆழ்ந்த மூச்சு. முங்கிய நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது மேலே ஓய்வு. ஒருவர் முங்கினால் ஒருவர் மேலே நின்று பார்க்க வேண்டும், அவர் தலை நீட்டிய பிறகும் 30 நொடி. இழுத்த புது மூச்சு மூளைக்குப் போய்ச் சேரச் சில நொடிகள் பிடிக்கும். கையை ஆட்டிச் சிரித்தவர் அந்த இடைவெளியில் மறுபடி மூழ்குவது உண்டு.