மருந்துக் கவுன்ட்டரில் ஒரு கோ-லைவ்: நாட்குறிப்பு, 2025

ஆகஸ்ட் 4, திங்கள்

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் மருந்தகத்துக்கும் மருந்துக் கிடங்குக்கும் புது மென்பொருள். ரெக்கொயர்மென்ட், அதாவது மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்பதைக் கேட்டு எழுதுவதும் திட்ட அட்டவணையும் என் பொறுப்பு. கோ-லைவ், அதாவது புது மென்பொருள் நிஜமாக ஓடத் தொடங்கும் நாள், செப்டம்பர் 15 என்று ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

முதல் கூட்டம் மூன்று மணி நேரம் ஓடியது. நிர்வாக அதிகாரி, கணக்குப் பிரிவு, கொள்முதல் பிரிவு எல்லோரும் இருந்தார்கள். கவுன்ட்டரில் நிற்பவர் ஒருவர்கூட இல்லை. கேட்டேன். "அவங்க இங்க வந்துட்டா கவுன்ட்டரை யார் சார் பாக்கறது?" என்றார் அதிகாரி. நியாயமான கேள்வி. நான்தான் அங்கே போக வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாலை 5 மணியிலிருந்து 9 வரை கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

காலை ஒன்று, இரவு ஒன்று, மூன்று நாளைக்கு என்று ஒரு சீட்டு வந்தது. ஆறு மாத்திரை, அட்டையில் பத்து. ஃபார்மசிஸ்ட் அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாகியிருந்த முனையை விட்டுவிட்டு, எதிர் முனையிலிருந்து ஆறை வெட்டினார். துண்டைக் கவரில் போட்டு, பேட்ச் எண்ணையும் தேதியையும் கவர்மேல் பேனாவால் எழுதினார். மீதி நாலு மாத்திரை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போனது.

"தேதி இல்லாத துண்டு டப்பாவுல கிடந்தா, அடுத்த ஆளுக்கு எதை நம்பிக் குடுப்பேன் தம்பி?"

திங்கட்கிழமை நான் எழுதிய பதினோராவது ரெக்கொயர்மென்ட்: 'விற்பனை அலகு – அட்டை.' கூட்டத்தில் சொன்னவர்களும் தவறாகச் சொல்லவில்லை. அவர்கள் வாங்குவது அட்டைக் கணக்கில். இங்கே விற்பது மாத்திரைக் கணக்கில். பழைய மென்பொருளும் அட்டையை மட்டும்தான் அறியும். அதனால் டப்பாவில் கிடக்கும் மாத்திரைகளுக்கு மேசை இழுப்பறையில் தனியாக ஒரு நோட்டு இருக்கிறது. அதைப் பக்கம் பக்கமாகப் பார்க்க விட்டார். நன்றி அக்கா.

எட்டு மணிக்கு மேல் கூட்டம் குறைந்தது. அக்கா எச்1 பதிவேட்டை எடுத்தார். சில ஆன்டிபயாடிக்குகள், காசநோய் மருந்துகள் போன்ற எச்1 பட்டியல் மருந்துகளை விற்றால் மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். 3 ஆண்டு பத்திரமாக இருக்க வேண்டும். அன்றைய பில்களைப் புரட்டிப் புரட்டிக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். எல்லாமே பில்லில் இருக்கும் தகவல்கள். "இதை மட்டும் கம்ப்யூட்டர்லயே வர்ற மாதிரி பண்ணிக் குடுத்தா, எட்டேமுக்கால் பஸ்ஸைப் பிடிச்சிருவேன்" என்றார்.

இதை யாரும் கூட்டத்தில் சொல்லவில்லை. பட்டியலின் முதல் வரியில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கணக்குப் பிரிவில் அரை நாள். வெளிநோயாளி வாங்கும் மாத்திரைக்கு ஜி.எஸ்.டி. உண்டு. அதே மாத்திரை உள்நோயாளியின் சிகிச்சையில் சேர்ந்தால் வரி கிடையாது. ஒரே பொருள், இரண்டு பில் வழி. எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ரிஸ்க் கூட்டம். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007-இல் எழுதிய வழி ஒன்று எனக்குப் பிடிக்கும். "என்ன தவறு நடக்கலாம்?" என்று கேட்பதில்லை. திட்டம் தோற்றே போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்வது.

சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி, "நல்ல காரியம் தொடங்குறப்போ வாயால அப்படிச் சொல்லாதீங்க" என்றார். நம் ஊரில் ரிஸ்க் பேசுவதற்கு இது உண்மையான தடை. நல்ல வார்த்தையே வர வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். அதனால் யாரும் வாயால் சொல்ல வேண்டாம், பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன். பதினான்கு சீட்டு வந்தது. நெட்வொர்க் போனால்? கையால் போட்ட பில்லை மறுநாள் ஏற்ற மறந்தால்? ஒரு சீட்டில் இரண்டே வார்த்தை: 'விலை மாறினா?' கையெழுத்து கிடங்குக்கார அண்ணனுடையது மாதிரி இருந்தது.

அதற்கு 'வாய்ப்பு குறைவு' என்று போட்டுப் பட்டியலின் அடியில் வைத்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று இரவு ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு வந்துவிட்டது. பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீதம் 5 ஆகிறது. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை. செப்டம்பர் 22 முதல் அமல். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் வாங்குகிறவர்களுக்கு நல்ல செய்தி. நமக்கு, கோ-லைவ் ஆன ஏழாம் நாள்.

எங்கள் வடிவமைப்பில் மருந்தின் வரி ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாக இருக்கிறது. அதை 22-ஆம் தேதி மாற்றினால், 20-ஆம் தேதி விற்ற மருந்து திரும்பி வரும்போது 5 சதவீதக் கணக்கில் பணம் திரும்பப் போகும். வாங்கியவர் கொடுத்தது 12. வரிக்கு 'எந்தத் தேதி முதல்' என்ற கட்டம் வேண்டும். திரும்ப வரும் மருந்து அசல் பில்லின் வரியையே எடுக்க வேண்டும்.

கிடங்குக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன்: "உங்க சீட்டை நான் அடியில வெச்சிருக்கக் கூடாது." "2017-ல ஜி.எஸ்.டி. வந்தப்போ இந்தக் கிடங்குல ராத்திரி பகலா ஸ்டாக் எண்ணினோம் தம்பி. அதான் எழுதினேன்" என்றார். அந்த அனுபவத்தை நான் முதல் வாரமே கேட்டிருக்க வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

செப்டம்பர் 15 கைவிடப்பட்டது. ஆயுத பூஜை, அக்டோபர் 1 என்றார் அதிகாரி. கவுன்ட்டர் அக்காவையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தேன். "ஒண்ணாந்தேதி சம்பளம் சார். முதல் வாரம் பூரா மாச மாத்திரை வாங்கற கூட்டம்" என்றார். பூஜை அன்றே நடக்கட்டும், கணினிக்கும் பொட்டு வைப்போம், ஓட்டம் மட்டும் 12-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. அன்றைக்கு ஓ.பி. கிடையாது.

ஒரு ஒத்திகை நாளும் கேட்டு வாங்கினேன். லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் 2008 மார்ச் 27-இல் திறந்தபோது ஊழியர்கள் வண்டி நிறுத்த இடம் தேடினார்கள், கணினியில் உள்நுழைய முடியாமல் தவித்தார்கள், பெட்டிகள் தேங்கின. அதைச் சொன்னதும் அதிகாரி மறுக்கவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பழைய மென்பொருள்தான் ஓடுகிறது. கடையில் இருக்கும் அட்டைகளில் பழைய விலை. நிறுவனங்கள் அனுப்பிய புது விலைப் பட்டியல் கவுன்ட்டரில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அக்கா பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார்: "அட்டையில போட்டிருக்கிறதைவிட இப்ப கம்மி, பில்லைப் பாருங்க."

அச்சான விலையும் விற்கும் விலையும் தனித்தனிக் கட்டங்கள். இன்று சேர்த்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை 8:10. முதல் பில், வார்டிலிருந்து வந்த ஒருவருக்கு, எட்டு மாத்திரை. அக்கா எதிர் முனையிலிருந்து வெட்டினார். திரையில் அதே பேட்ச், அதே தேதி, மீதி 2. டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்தார். இரண்டு.

இழுப்பறை நோட்டையும் எடுத்து அதிலும் எழுதினார். மாதக் கடைசி வரை எழுதுங்கள் அக்கா, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றேன்.

எச்1 பதிவேடு மாலை 8:05-க்கு அச்சாகி வந்தது.